கம்பி இல்லாத காடு

மக்காச்சோளம் வருவதற்கு முன்னால் பன்றிகள் பச்சைமலையை விட்டு அதிகம் இறங்கியதில்லை. வேப்பந்தட்டைக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் ஊரில் அப்போதெல்லாம் மானாவாரிக் காடுகளில் கம்பும் வரகும் பருத்தியும்தான். யாராவது ஒருவர் பன்றியைப் பார்த்துவிட்டால் அதையே ஒரு வாரம் பேசிக்கொண்டிருப்பார்கள். பிறகு கோழித் தீவனத்துக்கென்று மக்காச்சோளம் வந்தது. ஆள் உயரத்துக்கு மேலே வளர்ந்து, நான்கு மாதம் ஊரையே மறைத்துக்கொண்டு நிற்கிற பயிர். உள்ளே நுழைந்தால் நிழல், மறைவு, பால் பிடித்த கதிர். அதே வருஷங்களில் எங்கள் ஏரி தூர்ந்துபோய் அதன் வயிறு முழுக்கச் சீமைக்கருவேலம் ஏறிக்கொண்டது. நாய்கூட நுழையத் தயங்கும் முள்காடு. பன்றிக்கு வேறென்ன வேண்டும்? மலையில் குட்டி போட்ட இனம் ஏரிக்குள் குட்டி போட ஆரம்பித்தது.

நாங்கள் சும்மா இருக்கவில்லை. சலூனிலிருந்து முடியை மூட்டையாக வாங்கி வந்து வரப்பில் தூவினோம். பழைய சேலைகளைக் காட்டைச் சுற்றிக் கட்டினோம். வேட்டு வைத்தோம். புலி உறுமுகிற சத்தத்தைப் பென் டிரைவில் ஏற்றி ஒலிபெருக்கியில் போட்டார் ஒருவர். இரண்டு நாள் வராமல் இருந்த பன்றிகள், மூன்றாம் நாள் அந்த ஒலிபெருக்கி கட்டியிருந்த கம்பத்துக்கு அடியிலேயே மண்ணைக் கிளறிவிட்டுப் போயிருந்தன. கோடையில் கருவேலங்காயைத் தின்றன. தண்ணீர் இல்லாத மாதங்களில் சொட்டுநீர்க் குழாயைக் கடித்துக் குடிக்கக் கற்றுக்கொண்டன. அந்தக் கூட்டத்தை நடத்தியது ஒரு தாய்ப்பன்றி. இடது காது பாதி அறுந்து தொங்கியதால் ஊரில் அதற்கு மூளி என்று பெயர்.

நான் இந்த ஊரில் உரக்கடை வைத்திருக்கிறேன். விதை, உரம், மருந்து எல்லாவற்றுக்கும் எல்லோரும் என்னிடம்தான் வர வேண்டும் என்பதால் யாருடைய கதையும் என் கடையைத் தாண்டாமல் போகாது. மலர்கொடியின் கதையும் அப்படித்தான் எனக்குத் தெரியும். பாதியை நான் கண்ணால் பார்த்தேன், மீதியை அவரே சொன்னார்.

மலர்கொடிக்கு ஏரியை ஒட்டி மூன்று ஏக்கர். கணவர் முத்துசாமி அதிர்ந்து பேசாத மனுஷன். ஒரே மகளைப் பாடாலூரில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். முத்துசாமியின் அண்ணன் அரியமுத்துவின் காடு பக்கத்திலேயே. நடுவில் ஒரு வரப்புதான். இரண்டு குடும்பத்துக்கும் ஒரே கிணறு, ஒரே களம். அரியமுத்துவின் மனைவி வேணியும் மலர்கொடியும் ஒருத்தி தலையை ஒருத்தி பின்னிவிட்டுப் பழகிய ஓரகத்திகள். ஊரில் யாரும் இவர்கள் சண்டை போட்டுப் பார்த்ததில்லை.

ஒரு வருஷம் மூளி தன் கூட்டத்தோடு புகுந்து அரியமுத்துவின் காட்டில் பாதியைப் படுக்க வைத்துவிட்டது. அடுத்த வருஷம் அவர் கம்பி போட்டார். அவர் மட்டுமில்லை, அதற்கு முன்னாலேயே ஏழெட்டுப் பேர் போட்டிருந்தார்கள். மரக்கட்டைகளை நட்டு, கட்டுக்கம்பியை முழங்கால் உயரத்தில் காட்டைச் சுற்றி இழுத்து, பொழுது சாய்ந்ததும் மேலே போகிற மின்கம்பியில் கொக்கி மாட்டிவிடுவார்கள். விடிந்ததும் கழற்றிவிடுவார்கள். சட்டப்படி குற்றம் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் யாரையும் காட்டிக்கொடுப்பதில்லை. மலர்கொடியும் அன்றைக்கு வாய் திறக்கவில்லை. தன் காட்டில் போட வேண்டாம் என்று மட்டும் முத்துசாமியிடம் சொன்னார்.

கார்த்திகை மாதம். அரியமுத்து ஒரு கல்யாணத்துக்குப் பெரம்பலூர் போனவர், காலையில் வர நேரமாகிவிட்டது. கொக்கி கழற்றப்படவில்லை. விடிந்து பனி விலகிக்கொண்டிருந்தது. வரப்பில் முன்னால் மலர்கொடி, நாலடி பின்னால் மண்வெட்டியோடு முத்துசாமி. பனியில் வழுக்கி விழப்போன மலர்கொடி கையை ஊன்றினார். ஊன்றிய இடத்தில் கம்பி.

"என்னமோ என்னைப் பிடிச்சு இழுக்கிற மாதிரி இருந்துச்சு. கத்தணும்னு வாயைத் திறக்குறேன், சத்தம் வரல" என்று பிறகு சொன்னார்.

முத்துசாமி வாழ்க்கையிலேயே வேகமாகச் செய்த காரியம் அதுதான். மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து, மரக்காம்பால் கம்பியை ஓங்கி அடித்துக் கட்டையோடு பிடுங்கி எறிந்தார். மலர்கொடி பிழைத்துக்கொண்டார். வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் கருகிப்போய்விட்டன. திருச்சிக்குக் கொண்டுபோய் இரண்டையும் எடுத்தார்கள்.

ஆஸ்பத்திரிக்கு முதலில் வந்தது வேணி. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"போலீஸ் வருவாங்களாம் மலரு. மோட்டார் ரூம்ல ஷாக் அடிச்சுதுன்னு சொல்லிடு. உம் மாமா இந்த வயசுல ஜெயிலெல்லாம் தாங்குவாரா? சொல்லு."

மலர்கொடி ஜன்னல் பக்கம் நின்ற கணவரைப் பார்த்தார்.

"நீங்க என்ன சொல்றீங்க?"

முத்துசாமி தரையைப் பார்த்தபடி சொன்னார். "அண்ணன் வேணும்னேவா செஞ்சாரு? ஊர் மொத்தமும் போடுது, அவரும் போட்டாரு. விரல் போச்சு, உசிரு இருக்கே. விடு."

"நான் செத்துருந்தா?"

"என்ன பேச்சு இது?"

"இல்ல, சொல்லுங்க. நான் செத்துருந்தா, அப்பவும் மோட்டாருன்னுதான் சொல்லிருப்பீங்களா?"

முத்துசாமி வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். தான் என்ன செய்யப்போகிறோம் என்று அந்த நிமிஷத்தில்தான் முடிவானது என்று மலர்கொடி சொல்வார். வலியை விட, கணவர் மூடிய வாய்தான் அவரைத் திடமாக்கியது.

போலீஸ்காரர் வந்து கேட்டார். மலர்கொடி கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார். "என் மூத்தார் அரியமுத்து பன்னிக்குப் போட்ட கம்பி சார். நான் தொட்டுட்டேன். அவரு ஒருத்தரு மட்டும் போடல, எங்க ஊர்ல பாதிப் பேரு போட்டுருக்காங்க. எடுக்கலன்னா அடுத்து யாராச்சும் தொடுவாங்க. இதையும் எழுதிக்குங்க."

அரியமுத்துவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். சில வாரம் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்தார். மற்றவர்கள் பயந்து கம்பியைச் சுருட்டி மோட்டார் கொட்டகையில் போட்டுவிட்டார்கள். அதற்காக யாரும் மலர்கொடிக்கு நன்றி சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய மலர்கொடியை ஊர் ஒதுக்கி வைத்தது. கூட்டம் போட்டு ஒதுக்கினால்கூடப் பரவாயில்லை. எதுவும் சொல்லாமல் ஒதுக்கினார்கள். களையெடுக்க ஆள் கேட்டால் எல்லோருக்கும் அன்றைக்கு வேறு வேலை இருக்கும். உழவு டிராக்டர் அவர் காட்டு வாசலில் நிற்காது. கோயில் திருவிழாவுக்கு வீடு வீடாக வரி கேட்டு வந்தவர்கள் அவர் வீட்டைத் தாண்டிப் போனார்கள். எனக்குத் தெரிந்து அவரை அழ வைத்தது அது ஒன்றுதான். மறுநாள் காலையில் அவரே கோயிலுக்குப் போய் வரியைப் பூசாரி தட்டில் வைத்துவிட்டு, "எழுதாட்டியும் சாமிக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

புரட்டாசியில் விதை வாங்க என் கடைக்கு வந்தார். அப்போது குருநாதன் அங்கே உட்கார்ந்திருந்தார். எங்கள் ஊரில் அதிகமாக மக்காச்சோளம் போடுகிறவர் அவர். பஞ்சாயத்திலும் கோயிலிலும் அவர் பேச்சுக்கு மறுபேச்சு இருக்காது.

"மறுபடியும் மக்காச்சோளமாம்மா?" என்றார். "கம்பி போட மாட்ட. அப்ப யாருக்கு வெதைக்கிற, பன்னிக்கா?"

"ஆமாண்ணே. அது தின்னு மிச்சத்த நான் அறுக்குறேன்."

"மிச்சம் வைக்குமா அது?"

"பாப்போம். அதுவா நானான்னு பாத்துடுவோம்."

மூன்று விரலால் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, விதைப் பையை இடது தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்.

முதல் வருஷம் பன்றிதான் ஜெயித்தது. கேஸ் சூடு ஆறியதும் குருநாதனும் இன்னும் சிலரும் மறுபடி கம்பியை இழுத்துவிட்டார்கள். எந்தக் காட்டில் கம்பி இருக்கிறது, எதில் இல்லை என்று மூளிக்குத் தெரிந்திருந்தது. கம்பி இல்லாத ஒரே வழியாகக் கூட்டம் மொத்தமும் மலர்கொடியின் காட்டில் இறங்கியது. தை மாதம் அறுவடைக்குப் போனால் ஏரிப் பக்கம் பாய் விரித்த மாதிரி தட்டை படுத்துக் கிடந்தது. வண்டி நிறைய வர வேண்டிய கதிர் சில சாக்குகளில் அடங்கிவிட்டது.

முத்துசாமி களத்தில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். "போதும் மலரு. காட்டைக் குத்தகைக்கு விட்டுட்டு மகளோட போயிடலாம்."

"நீங்க வேணும்னா போங்க. என் விரல் ரெண்டும் இந்த மண்ணுலதான் போச்சு. நான் எங்க போவேன்?"

அந்தக் கோடையில் மலர்கொடி தினமும் காலையில் ஏரியோரம் நடந்தார். பன்றித் தடம் எங்கே புகுந்து எங்கே வெளியே வருகிறது என்று பார்த்தார். கருவேலத்துக்கு அடியில் அவை வளைத்துவைத்திருந்த வழிகள் குகை மாதிரி இருந்தன. எல்லாம் பழைய மதகு வாய்க்காலில் வந்து சேர்ந்தன. அடுத்த விதைப்பில் அந்தப் பக்கம் மக்காச்சோளத்தை விதைக்காமல் அகலமாகப் பருத்தி போட்டார். அதை ஒட்டி ஆமணக்கை நெருக்கி நட்டார். பன்றிக்கு இரண்டுமே பிடிக்காது. மக்காச்சோளத்தை வீட்டுப் பக்கம் சுருக்கிக்கொண்டார். மதகு வாயைக் கருவேல முள்ளையே வெட்டி அடைத்தார். ஆள் கிடைக்காததால் இரண்டு பேருமாகவே எல்லாம் செய்தார்கள். மூன்று விரலோடு அரிவாள் பிடிக்க முடியாது என்று இடது கையைப் பழக்கிக்கொண்டார். பழகும்வரை காலிலும் முழங்காலிலும் வெட்டு.

பன்றிகள் சில வாரம் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, பருத்திக்குள்ளேயே ஒரு வழி போட்டன. மலர்கொடி அங்கே அடைத்தார். அவை இன்னொரு பக்கம் வந்தன. அந்த வருஷம் போனது கால்வாசிதான். முக்கால்வாசி வீடு வந்து சேர்ந்தது.

அந்த அறுவடையின்போதுதான் மூளியை நேருக்கு நேர் பார்த்தார். காலை வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தட்டையை விலக்கிக்கொண்டு போனவருக்கு முன்னால், பத்தடியில், அது நின்றது. காலடியில் கோடு போட்ட குட்டிகள். மலர்கொடி அரிவாளை ஓங்கினார், ஆனால் நகரவில்லை. பன்றியும் நகரவில்லை.

"என்னடி பாக்குற? வா, வந்து பாரு!" என்று கத்தினாராம். குரல் நடுங்கியதை அவரே சொல்லிச் சிரிப்பார்.

மூளி ஒருமுறை உறுமிவிட்டு, குட்டிகளை முன்னால் விட்டுத் தான் பின்னால் நடந்து ஏரிக்குள் போனது. அது திரும்பும்போது வலது தோளில் கையகலத்துக்கு முடியே இல்லாமல் வெளுத்த தழும்பு தெரிந்தது. மலர்கொடிக்கு அந்தத் தழும்பைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. அவர் உள்ளங்கையிலும் அதே மாதிரி ஒன்று இருந்தது.

வீட்டுக்கு வந்து முத்துசாமியிடம் சொன்னார். "அதுவும் கம்பியத் தொட்டுருக்குங்க. தொட்டும் பொழைச்சிருக்கு."

"பரிதாபப்படுறியா?"

"பரிதாபமா? என் சோளத்தத் தின்ன களவாணி அது. ஆனா அந்தக் கம்பில மட்டும் அது சாவக் கூடாது."

அடுத்த ஐப்பசியில் குருநாதன் ஒரு புதுக் காட்டைக் குத்தகைக்கு எடுத்து, அதைச் சுற்றிலும் கம்பி இழுத்தார். அந்தக் காட்டோரமாகத்தான் மேற்குத் தெருப் பிள்ளைகள் காலையில் பஸ்ஸுக்கு நடக்கிறார்கள். அரியமுத்துவின் பேரனும் அதில் ஒருவன்.

நவம்பர் மாதக் கிராம சபைக் கூட்டத்துக்கு வழக்கமாகப் பெண்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். மலர்கொடி போகாமல் உட்கார்ந்திருந்தார். அதிகாரிகள் சாலை, குடிநீர் என்று பேசி முடித்ததும் எழுந்தார்.

"பள்ளிக்கூடத்துப் பாதையில கம்பி இருக்கு. இன்னைக்கே எடுக்கணும்."

குருநாதன் எழுந்தார். "ஏம்மா, ஊரே பன்னியால நாசமாப் போவுது. நீ பன்னிக்கு வக்காலத்து வாங்க வந்துட்டியா?"

"பன்னிக்கு நான் எதுக்குண்ணே? நாம முடி தூவுனோம், வேட்டு வெச்சோம், அது எல்லாத்தையும் பாத்துட்டு இன்னும் இருக்கு. நாளைக்கும் இருக்கும். நான் புள்ளைங்களுக்குப் பேசுறேன்."

"காலையில கழட்டிடுவோம்ல?"

மலர்கொடி வலது கையைத் தூக்கிக் காட்டினார். "எங்க மாமாவும் காலையில கழட்டுறவருதான்."

பின் வரிசையில் அரியமுத்து உட்கார்ந்திருந்தார். தலையைக் குனிந்துகொண்டார். தீர்மானம் எதுவும் போடவில்லை. வனத்துறையிலிருந்து வந்திருந்த சத்யப்பிரியா என்ற பெண் காப்பாளர் மட்டும், புகார் எழுதித் தந்தால் வந்து பார்ப்பதாகச் சொன்னார். மலர்கொடி அங்கேயே எழுதியும் கொடுத்தார். குருநாதன் சிரித்துக்கொண்டே வெளியே போனார்.

வனத்துறை வரும்வரை காத்திருக்காமல், மறுநாள் மதியம், நல்ல வெயிலில், ஊர் பார்க்க, மலர்கொடி குறடை எடுத்துக்கொண்டு அந்தக் காட்டுக்கு நடந்தார். கொக்கி கழற்றியிருப்பதை முத்துசாமி போய்ப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். ஆஸ்பத்திரியில் மூடிய வாயை அவர் அன்றைக்கும் திறக்கவில்லை, ஆனால் கம்பிக்கும் மனைவிக்கும் நடுவில் நின்றுகொண்டார். மலர்கொடி இடது கையால் குறடைப் பிடித்து முதல் கட்டையில் கம்பியை வெட்டினார்.

குருநாதன் புல்லட்டில் வந்து இறங்கினார். "அடுத்தவன் காட்டுல புகுந்து சாமானை வெட்டுறியா? கேஸ் போட்டுடுவேன்!"

"போடுங்கண்ணே. கோர்ட்டுல கம்பி எதுக்குன்னு கேப்பாங்க. நீங்களே சொல்லுங்க."

அவர் கையை ஓங்கிக்கொண்டு ஒரு அடி வைத்தார். முத்துசாமி அசையவில்லை. பாதையில் கூட்டம் கூடிவிட்டது. நானும் கடையை அப்படியே போட்டுவிட்டு வந்திருந்தேன். யாரும் கிட்டே போகவில்லை.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு வேணி வந்தார். மூன்று வருஷமாக மலர்கொடியோடு பேசாதவர். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு காட்டுக்குள் இறங்கி, கம்பியின் மறுமுனையை எடுத்துச் சுருட்ட ஆரம்பித்தார். மலர்கொடி வெட்ட வெட்ட, வேணி சுருட்டினார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. மேற்குத் தெருப் பெண்கள் மூன்று நான்கு பேர் பின்னாலேயே வந்து கட்டைகளைப் பிடுங்கினார்கள். குருநாதன் கொஞ்ச நேரம் கத்திப் பார்த்தார். பெண்கள் கூட்டத்தின் மேல் கை வைக்க முடியாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

முடிந்ததும் மலர்கொடி மெல்ல, "அக்கா" என்றார்.

வேணி சுருளைக் கீழே போட்டார். "உனக்காக வரல" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார்.

இன்றுவரை அவர்கள் பேசுவதில்லை. அரியமுத்துவின் வழக்கு இன்னும் நடக்கிறது. சாட்சி சொல்லக் கூப்பிட்டபோதெல்லாம் மலர்கொடி பஸ் ஏறிப் போய் அதே வார்த்தையைச் சொல்லிவிட்டு வருகிறார். குருநாதன் கேஸ் போடவில்லை. மலையோரக் காடுகளில் இன்னும் இரண்டு மூன்று பேர் திருட்டுத்தனமாகக் கம்பி போடுகிறார்கள் என்று கேள்வி. மலர்கொடி காதுக்கு வந்தால் குறடோடு போய்விடுகிறார். இப்போது அவரோடு போக ஆள் இருக்கிறது. டிராக்டரும் அவர் காட்டில் நிற்கிறது. சிலர் சூரிய மின்வேலி போட்டிருக்கிறார்கள். அடித்தால் சுரீர் என்று இருக்கும், ஆள் சாகாது. பன்றிகள் அதற்கு அடியில் பள்ளம் பறித்துப் போகக் கற்றுக்கொண்டிருக்கின்றன.

போன மாசி மாதம் மலர்கொடி கடைக்கு வந்தார். முந்தானையில் எதையோ முடிந்துவைத்திருந்தார். கைகளிலும் கழுத்திலும் முள் கீறல். மேசையில் கொட்டினார். சின்னச் சின்ன மக்காச்சோளக் கதிர்கள், பல் விட்டுப்போன வாய் மாதிரி மணிகள்.

"எந்தக் காட்டுல வெளைஞ்சுதும்மா இது?" என்றேன்.

"ஏரிக்குள்ள. என் கதிரைத் தூக்கிட்டுப் போயி அங்க வெச்சுத் தின்னுருக்குங்க. சிந்துன மணி மொளைச்சு, தண்ணி இல்லாம, உரம் இல்லாம, அந்தக் கருவேலத்துக்குள்ளயே கதிர் வுட்டுருக்கு. பன்னி மறுபடி வர்றதுக்குள்ள நான் தவழ்ந்து போயி ஒடிச்சுட்டேன்."

"முள்ளுக்குள்ளயா? மூளி இருந்திருந்தா?"

"இருந்துச்சு. தள்ளித்தான் படுத்திருந்துச்சு." ஒரு கதிரை எடுத்து என் பக்கம் தள்ளினார். "சுட்டுத் தின்னு பாருங்க, நல்லாருக்கு. என் வெதை இது. அந்த மூளிக்கு எதுக்கு வுடணும்?"